பெரட்டு மூடவில்லை

மத்தியானம் இரண்டு மணிக்குக் கணேசமூர்த்தியின் மோட்டார் சைக்கிள், சுவா ஊருக்குப் பக்கத்து எஸ்டேட் ஆபீசின் முன் வந்து நின்றபோது, மழை கட்டிக்கொண்டு இருட்டியிருந்தது. எஸ்டேட் கம்பெனியின் சிரம்பான் ஆபீசிலிருந்து கம்ப்யூட்டர் பழுது பார்க்க வந்தவன். அரை மணி நேர வேலைதானே என்று சாப்பாட்டைக்கூடத் தள்ளிப்போட்டிருந்தான்.

ஆபீஸ் கணக்கெழுதும் புதுக் கிராணி நீலாவதி கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். எஸ்டேட்டை விற்றாகிவிட்டது. நாற்பத்திரண்டு குடும்பங்களுக்கு மாற்று வீடு தருவதாகப் பேச்சு. ஆட்களின் பெயரெல்லாம் டேட்டாபேசுக்குள் கிடந்தது. ஐந்து மணிக்குள் பட்டியல் மானேஜர் கைக்குப் போகாவிட்டால் ஒருவருக்கும் வீடு கிடையாது. அவளுடைய அம்மாவுக்கும்தான்.

"பத்து நாளா உள்ள விடமாட்டேங்குதுண்ணே. பாஸ்வேர்ட் சரியாத்தான் போடுறேன்."

கறுப்புத் திரையைத் திறந்து கட்டளையைத் தட்டினான். டேட்டாபேசுக்குள் நுழைய அவளுடைய டொமைன் கணக்குக்கு அனுமதி இல்லை. அவனுடையதற்கும் இல்லை. பாஸ்வேர்டை மாற்றினான், கணக்கை அழித்துப் புதிதாகப் போட்டான், சர்வரை அணைத்து எழுப்பினான். 'அனுமதி இல்லை' என்ற அதே வரிதான் வந்தது. நான்கு மணிக்கு எரிச்சல் மண்டைக்கு ஏறி, கீபோர்டைக் குத்தாத குறை.

உள்ளே யார் இருக்கிறார்கள் என்று சர்வரையே கேட்டான். ஒரே ஒரு பெயர் வந்தது.

"யாரு இந்த இராஜமாணிக்கம்?"

அவள் முகம் வெளுத்தது. "பழைய கிராணி ஐயா. பத்து நாளைக்கு முந்தி தவறிட்டாரு. நீங்க உட்கார்ந்திருக்கீங்களே, இதே நாற்காலியில."

"பேய்க்கெல்லாம் டொமைன் கணக்கு கிடையாதுலா. யாரோ அழிக்க மறந்துட்டாங்க."

அழித்தான். மறுபடி கேட்டான்.

இராஜமாணிக்கம் உள்ளேதான் இருந்தார்.

"காலையில பெரட்டு நடக்கறப்ப, நெத்தியில கோடாலித் தைலத்தத் தேச்சிக்கிட்டு ஜன்னல் வழியாப் பேர் கூப்பிட்டுக்கிட்டே இருந்தாரு," என்று முணுமுணுத்தாள் நீலாவதி. "பாதியிலயே சாஞ்சிட்டாரு. பெரட்டு மூடுற வரைக்கும், பேர் பதியற செக்ரோல யாரையும் தொடவிடமாட்டாருண்ணே."

ஆள் எண்ணும் அந்தப் பெரட்டு அவனுக்குத் தெரியாததா என்ன? சின்ன வயதில் வேறொரு எஸ்டேட்டில், விடியற்காலை ஐந்தரைக்கு, இருட்டில், அப்பாவுடன் அந்த வரிசையில் நின்றிருக்கிறான். கிராணி பெயரைக் கூப்பிட்டால் "ஐயா" என்று சொல்ல வேண்டும். சொல்லிவிட்டால் அன்றைக்கு முழுவதும் ஆள் எஸ்டேட்டுக்குச் சொந்தம். இனி இந்த வரிசையில் நிற்கவே மாட்டேன் என்றுதான் பன்னிரண்டு வயதில் ஊரைவிட்டுப் போனான்.

வெளியே கொட்டிக்கொண்டிருந்த மழை சட்டென்று நின்றது.

கோடாலித் தைல வாசம் வந்தது.

ஜன்னல் பக்கம் யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

"கணேசமூர்த்தி."

"ஐயா," என்றான்.

யோசித்துச் சொல்லவில்லை. நாக்கு பழக்கத்தில் சொல்லிவிட்டது. திரும்பிப் பார்த்தான். நீலாவதி வாயைப் பொத்திக்கொண்டு சுவரோடு ஒட்டி நின்றாள்.

"நான் கூப்பிடலண்ணே."

திரையில் டேட்டாபேஸ் திறந்திருந்தது. அச்சு இயந்திரம் தானாகவே ஓடத் தொடங்கி நாற்பத்திரண்டு குடும்பங்களின் பெயரையும் அடித்துத் தள்ளியது. கடைசியில் இன்னும் ஒரு வரி வந்தது: கணேசமூர்த்தி, வந்திருக்கிறார்.

அந்த வரியை மட்டும் கிழித்துச் சட்டைப்பைக்குள் திணித்தான். நீலாவதி பட்டியலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மானேஜர் பங்களாவுக்கு ஓடினாள். ஐந்தாக இன்னும் பத்து நிமிஷம் இருந்தது. எப்படியோ வேலை முடிந்ததே என்று மோட்டாரைக் கிளப்பினான்.

மறுநாள் காலை எட்டு மணிக்குச் சிரம்பான் ஆபீசில் தன் கம்ப்யூட்டரைத் திறந்தான். அனுமதி இல்லை. நான்கு தடவை தட்டிப் பார்த்துவிட்டுக் கடுப்போடு எஸ்டேட்டுக்குப் போன் போட்டான்.

"தங்கச்சி, நேத்து நான் வந்துட்டுப் போனதுக்கப்புறம் சர்வர யாராச்சும் தொட்டீங்களா? என் கணக்கு ஓடமாட்டேங்குது."

"யாரு பேசுறது?"

"கணேசமூர்த்திம்மா."

நீலாவதி குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"அந்த அண்ணன் காலையில ஐந்தரைக்கே பெரட்டுக்கு வந்துட்டாரே. எனக்கு எதிர்ல, ஐயாவோட நாற்காலியிலதான் உட்கார்ந்திருக்காரு. நீங்க யாரு?"