பக்கத்தின் வலது ஓரம்

மேலேயும் கீழேயும் விழ வேண்டிய வெள்ளைக் கரை வலது பக்கத்திலும் விழுந்திருந்தது.

ஓஃபெய்ரா தேவாலய அலுவலகக் கணினித் திரையில் அதைச் சும்மா பார்த்துக்கொண்டிருந்தாள். மேலும் கீழும் விழுவது அவளுக்குப் பழகியதுதான். குழந்தைகளுக்கான வெள்ளை ஞாயிறு ஆராதனைப் புத்தகத்தின் அட்டையை ஒவ்வொரு அக்டோபரிலும் அமெரிக்க சமோவாவின் பாகோ பாகோவில் இருக்கும் பெரியப்பா மகன் டவீட்டா செய்து அனுப்புவார். அங்கே புழங்குவது அமெரிக்கத் தாள், அகலம் கூட, நீளம் குறைவு. இங்கே சமோவாவில் ஏ4. அளவை மாற்றாமல் பி.டி.எஃப். ஆக்கினால் தலைமாட்டிலும் கால்மாட்டிலும் வெள்ளை நிற்கும். பக்கவாட்டில் நிற்க வழியே இல்லை.

படத்தில் தேவாலயப் படிக்கட்டில் பதினான்கு குழந்தைகள், எல்லோரும் வெள்ளை உடையில். வலது கோடியில் அவள் மகள் மாலியே.

மூத்தவனைக் கடல் கொண்டுபோய் ஒன்றரை வருடம் ஆகிறது. அதிலிருந்து ஓஃபெய்ராவுக்கு எதுவும் உறைப்பதில்லை. சோறு தின்றால் சோறு, மழை பெய்தால் மழை. மாலியே ஒருத்திதான் மிச்சம் என்பது மட்டும் உள்ளே எங்கோ ஓர் ஆணி போல இறங்கிக் கிடந்தது.

அந்த மாலியே இப்போது பின்னால் சுவரோரப் பெஞ்சில், தையல்காரி கொடுத்துவிட்ட புது வெள்ளைக் கவுனைப் போட்டுக்கொண்டு, ஞாயிறன்று சொல்ல வேண்டிய வசனத்தை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

வாசலில் பாதிரியார் மனைவி தலையை நீட்டினார்.

"போன வருஷம் சுத்திவர வெள்ளை விட்டு அடிச்சிட்ட. பக்கத்து ஊர்க்காரங்க 'என்ன, சாவு அட்டையா'ன்னு கேட்டாங்க. இந்த வாட்டி ஓரம் முட்டப் படம் இருக்கணும். சொல்லிட்டேன்."

"சரிங்கம்மா."

மாமரத்தில் தொங்கும் காலி கேஸ் சிலிண்டரை யாரோ அடித்தார்கள். மாலை ஜெப நேரம். பாதிரியார் மனைவி வேகமாக வீட்டுக்கு நடந்தார். மறுபடி சிலிண்டர் அடிக்கும் வரை ஊரில் யாரும் வெளியே நடமாடக் கூடாது. லாவாலாவா வேட்டி கட்டிய ஆண்கள் சாலையோரம் காவல் நின்று பார்த்துக்கொள்வார்கள். வெளிச்சம் மெல்லச் சாம்பலானது, தூரத்து வீடுகளிலிருந்து பாட்டுச் சத்தம் வந்தது, அலமாரியின் பூஞ்சை வாடையோடு கஞ்சி போட்டுத் தேய்த்த துணியின் வாசனையும் அறைக்குள் கனத்துக்கொண்டே போனது.

படத்தை இழுத்துப் பெரிதாக்கினால் மேலும் கீழும் நிறையும், ஆனால் இரு பக்கமும் ஒரு விரல் அகலம் வெட்டுப்படும். மாலியேயின் கை போய்விடும். அது வேண்டாம். வெற்று ஓரத்தை நீக்கும் கட்டளையைத் தட்டினாள். மேல் கரை போனது. கீழ்க் கரை போனது.

வலது கரை போகவில்லை.

டவீட்டாவைக் கூப்பிட்டாள்.

"அண்ணே, வலது பக்கம் என்ன வெச்சீங்க?"

"ஒண்ணும் வெக்கலையே. உன் பொண்ணு நிக்கிற இடத்தோட படம் முடிஞ்சுது."

"வெள்ளையா நிக்குது. போக மாட்டேங்குது."

"சிலிண்டர் அடிச்சாச்சுல்ல? போனை வெச்சுட்டு ஜெபம் பண்ணு தாயி. ஊர்ப் பெரியவங்க அபராதமா ஒரு பன்னி கேட்டா எங்க போவ?"

சிரித்துவிட்டு வைத்துவிட்டார்.

வெறுமையாக இருப்பதைத்தான் அந்தக் கட்டளை வெட்டும். அப்படியானால் இது வெறுமை இல்லை. இது மெதுவாகத்தான் அவளுக்குப் புரிந்தது. புரிந்தும் பயம் வரவில்லை. உள்ளே இருப்பது முழுவதும் தெரியும்படி பக்கத்தைச் சரிசெய்யும் கட்டளையைத் தட்டினாள்.

பக்கம் வலப்புறமாக விரிந்தது.

வெள்ளையில் மடிப்புகள் இருந்தன. பெரிதாக்கிப் பார்த்தாள். தையல். கீழே விளிம்பு மடித்துத் தைத்த பாவாடை ஓரம். மேலே அது குழந்தைகளின் தலைகளைத் தாண்டி, கதவுகளைத் தாண்டி, படம் முடியும் வரை போனது. முகம் இருக்க வேண்டிய உயரத்துக்குப் படம் போதவில்லை.

இன்னொரு முறை தட்டினாள். ஏன் தட்டினாள் என்று அவளுக்கே தெரியாது.

ஒரு கை. நீளமான விரல்கள். மாலியேயின் தோளில்.

பின்னால் வசனம் ஓடிக்கொண்டிருந்தது. அதே வரி. மறுபடி அதே வரி.

வெட்டிவிட வேண்டும். அவ்வளவுதான். வெட்டுக்கோட்டை வலது ஓரத்திலிருந்து இழுத்தாள். பாவாடை போனது. கை போகவில்லை. தோளில் இருக்கிறதே. இன்னும் இழுத்தாள். தோள். கன்னம். படம்தானே, மூலப்படம் அண்ணனிடம் இருக்கிறது. கோட்டை மாலியேயைத் தாண்டிக் கொண்டுவந்து விட்டாள்.

சேமித்தாள்.

சுத்தமான பக்கம். ஓரம் முட்டப் படம். பதின்மூன்று குழந்தைகள்.

பின்னால் வசனம் பாதியில் நின்றது.

பெஞ்சு கிரீச்சிட்டது. இரண்டு பேர் உட்காரும்போது வரும் சத்தம்.

"மாலியே."

"ம்."

"இங்க வா. அம்மாகிட்ட வா."

"வர முடியலம்மா."

"ஏன்டி?"

"கோடு இருக்கு. நீதானே போட்ட."

பாட்டுச் சத்தம் எந்த வீட்டிலிருந்தும் வரவில்லை. எல்லோரும் கண்ணை மூடி ஜெபிக்கும் நேரம். கூப்பிட்டாலும் யாரும் தெருவில் இறங்க மாட்டார்கள். ஒன்றரை வருடமாக வராத பயம் இப்போது வந்தது, மொத்தமாக, காலிலிருந்து.

திரும்பினாள்.

பெஞ்சின் முனையில் மாலியே கைகளை மடியில் வைத்து நேராக உட்கார்ந்திருந்தாள். அவளை ஒட்டி, தரையிலிருந்து கூரை வரை, மடிப்புக் கலையாத வெள்ளை. நீளமான விரல்கள் அவள் தலைமுடியை மெல்லக் கோதிக்கொண்டிருந்தன. கோதிய இடமெல்லாம் முடி வெளுத்தது. பிறகு நெற்றி. பிறகு கண்.

ஓஃபெய்ரா கையை நீட்டினாள். மேசைக்கும் பெஞ்சுக்கும் நடுவே, எதுவுமே இல்லாத இடத்தில், அவள் விரல்கள் தாளின் ஓரம் போன்ற ஒன்றில் மோதி நின்றன. அதற்கு அப்பால் வாய் மட்டும் மிச்சமிருந்த மாலியே, விட்ட இடத்திலிருந்து வசனத்தைச் சொல்லத் தொடங்கினாள்.