அனுப்புநர் இல்லாத நன்றி

சாப்பாட்டு மேசையின் ஜன்னல் பக்கம் சங்கரபாண்டி உட்கார்ந்திருந்தார். முன்னால் வெள்ளைத்தாள், மூடி திறந்த பேனா. எதிரே மகள் உலகம்மை, நாற்காலியில் காலை மடக்கிப் போட்டபடி. மனைவியின் தம்பி பிச்சுமணி கிரைண்டருக்குப் பக்கத்தில் ஸ்டூலில். மருத்துவமனையின் தொடர்பு அலுவலர் சுவர்த்திரையில், இடுப்புக்கு மேல் மட்டும்.

மனைவி கோமதியின் காரியம் முடிந்த மறுநாள் அது. துக்க வீட்டார் செவிலியருக்குக் கைப்பட நன்றிமடல் எழுதுவது இப்போதெல்லாம் வழக்கமாகிவிட்டது. சங்கரபாண்டி எதை எழுதினாலும் பள்ளிக்கூடத்தில் படித்த ஒழுங்கில்தான் எழுதுவார். அனுப்புநர், பெறுநர், பொருள், பார்வை. தண்ணீர் வரவில்லை என்று புகார் எழுதினாலும் அப்படித்தான். இப்போதும் 'அனுப்புநர்' என்று எழுதி அடிக்கோடு போட்டார்.

அலுவலர் தொண்டையைச் செருமினார். "சார், ஒண்ணு சொல்லிடணும். உங்க பேரோ, நோயாளி பேரோ, படுக்கை நம்பரோ அதுல இருந்தா சிஸ்டருக்கு நினைவு திரும்பிடும்."

"என்ன நினைவு?" என்றான் பிச்சுமணி.

"வெப்பக்காய்ச்சல் வார்டுல சாவு தினம் நடக்குது. அதனால ஒருத்தர் இறந்ததும் அவரைப் பத்தின நினைவைச் செவிலியர்கிட்டேயிருந்து இறக்கி வச்சிடறோம். குடும்பம் கேட்டா திருப்பித் தரணும்னு சட்டம். பேரோட வர்ற கடிதம்தான் அந்த வேண்டுகோள்."

"வந்தா எல்லாம் வருமா?"

"எல்லாம் வரும். நோயாளி மூச்சுக்குத் தவிச்சதும் வரும். மறுபடி இறக்க முடியாது."

கோமதி இறந்த மறுநாள் காலையில் நடந்தது சங்கரபாண்டிக்கு அப்போதுதான் விளங்கியது. அந்த வார்டில் உறவினருக்கு அனுமதி கிடையாது. பூரணி சிஸ்டர்தான் சாயங்காலமானால் கோமதியின் காதில் போனை வைத்துப் பிடித்தவள். கஞ்சி ஊட்டி, சிக்கெடுத்துத் தலை வாரிவிட்டவள். கோமதி போனதும் அவளே அழுதுகொண்டு கூப்பிட்டாள். "அம்மா கடைசியா ஒண்ணு சொன்னாங்க. நேர்ல வாங்க, சொல்றேன்." விடிந்ததும் போய் நின்றார்கள். பூரணி முகம் மலரச் சிரித்து, "யாரப் பாக்கணும்?" என்று கேட்டாள்.

"பேர எழுதுங்கப்பா," என்றாள் உலகம்மை. "அம்மா என்ன சொன்னான்னு எனக்குத் தெரியணும்."

"அக்கா என்னத்தச் சொல்லியிருப்பா? கேஸ் அடுப்ப மூடினாளான்னு கேளுன்னு சொல்லியிருப்பா," என்றான் பிச்சுமணி.

"சும்மா இருங்க மாமா." அவளுக்குச் சிரிப்பு வந்து பாதியில் நின்றது. "அதாவே இருந்தாலும் எனக்கு வேணும்."

சங்கரபாண்டி பேனாவைப் பிடித்திருந்தார். விரல்கள் யாருடையவோ போல் இருந்தன. அழுகையும் வரவில்லை.

"பெறுநரை எழுதட்டுமா?" என்று மகளைக் கேட்டார்.

உலகம்மை நகத்தால் மேசையைக் கீறிக்கொண்டிருந்தாள். "அன்னைக்கு அந்த சிஸ்டர் நல்லாச் சிரிச்சாவோ, இல்லப்பா?"

"ஆமா."

"ராத்திரி போன்ல அப்படி அழுதாவளே."

பிச்சுமணி எழுந்து தண்ணீர் குடித்தான். சிறிது நேரம் கழித்து உலகம்மை, "வேற தாள் எடுங்கப்பா," என்றாள்.

புதிய தாளில் அவர் 'பெறுநர்' மட்டும் போட்டார். அனுப்புநருக்கு விட்ட இடம் வெறுமையாகக் கிடந்தது. பொருள் எழுதவில்லை, பார்வையும் இல்லை. வாத்தியார் பார்த்திருந்தால் கிழித்துப் போட்டிருப்பார்.

'அன்புள்ள சிஸ்டர், தாங்கள் ஒருவருக்குக் கஞ்சி ஊட்டினீர்கள். தலை வாரிவிட்டீர்கள். நாங்கள் வர முடியாத இடத்தில் அவர் பக்கத்தில் இருந்தீர்கள். அவர் யார் என்று தாங்கள் தேட வேண்டாம். அதை நாங்கள் வைத்துக்கொள்கிறோம். மிக்க நன்றி.'

வழக்கத்தில் கை தானாகக் கையெழுத்துக்குப் போனது. உலகம்மை எட்டி அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

அவளே உறையில் போட்டு ஓரத்தை நாக்கால் நனைத்து ஒட்டினாள். பிச்சுமணி ஜன்னலைத் திறந்தான். வெளியே காத்திருந்த தபால் டிரோன் உறையைக் கவ்விக்கொண்டு கிளம்பியது.