ஆறாவது அமர்வு

மனநல ஆலோசனைப் பிரிவின் பதிவேட்டில் அவள் பெயருக்கு நேரே கையெழுத்து ஏற்கெனவே இருந்தது. அவளுடையதேதான். கடைசி எழுத்தை முடிக்கப் பொறுமையில்லாமல் கீழே இழுத்துவிடும் அதே கிறுக்கல். மை காயவில்லை. விரல் பட்டதும் தாளில் இழுபட்டது.

வகுப்பில் அவளுக்குத் தூங்குமூஞ்சி என்று பெயர். இரவெல்லாம் விட்டத்தை வெறித்துக் கிடப்பவள் பகலில் மேசையில் சாயாமல் என்ன செய்வாள்? பல்கலைக்கழகத்தின் சுவருக்குச் சுவர் 'மனம்விட்டுப் பேசுங்கள்' என்று ஒட்டியிருந்தார்கள். பேச வந்தவளைப் பதினொரு வாரம் இழுத்தடித்தார்கள். இன்று மாலை ஐந்து மணிக்குத்தான் முதல் முறையாக நேரம் கிடைத்தது. சொல்ல வேண்டியதை விடுதிக் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டுப் பல முறை சொல்லிப் பார்த்திருந்தாள். என்னைத் தனியாக விடாதீர்கள், எனக்கு என்மேலேயே பயமாக இருக்கிறது. அவ்வளவுதான். அதை ஒரு மனிதரிடம் சொல்லிவிட்டால் இந்த வாரத்தைக் கடந்துவிடலாம் என்று நம்பினாள்.

"அக்கா, நான் இன்னிக்குத்தான் முதல் தடவை வரேன். யாரோ என் கையெழுத்தைப் போட்டிருக்காங்க."

மேசைக்குப் பின்னால் இருந்த எழுத்தர் நிமிரவே இல்லை. "உனக்கு இது ஆறாவதும்மா. ஆளுக்கு ஆறு தடவைதான், அதோட கோப்பை மூடிடுவாங்க."

பினாயில் நெடியும் ஈரக் கம்பள வாடையும் கலந்து குமட்டிய அந்தக் கூடத்தில், குளிரூட்டியின் முனகலுக்கும் தண்ணீர்க் குடுவையில் குமிழி ஏறும் சத்தத்துக்கும் நடுவே, மூடிய கதவுக்கு அப்பால் யாரோ சிரிப்பது கேட்டது. முதலாண்டில் அவள் அப்படித்தான் சிரிப்பாள். பிறகு சிரித்த நினைவில்லை.

பயத்துக்கு முன்னால் அவளுக்குக் கோபம்தான் பற்றிக்கொண்டு வந்தது. மேசையில் ஓங்கி அறைந்தாள்.

"பதினொரு வாரம்! எப்பக் கேட்டாலும் 'வரிசையில இருக்கீங்க, வரிசையில இருக்கீங்க'ன்னு கிளிப்பிள்ளை மாதிரி சொன்னது நீங்கதானே? அக்கா, உள்ள யாரு இருக்கா?"

எழுத்தர் இப்போதுதான் நிமிர்ந்தார். கண்கள் வீங்கியிருந்தன.

"நடுவுல ஒரு மாசம் ஆலோசகரே இல்லம்மா. ஆளே வரலன்னு கணக்குக் காட்டினா மேல இருக்கறவங்க பிரிவையே இழுத்து மூடிடுவாங்க. அதான் வரிசையில இருந்த பேருக்கெல்லாம் 'வந்தார்'னு எழுதிட்டேன். வெறும் பேப்பர்லதான்." குரல் தாழ்ந்தது. "புது மேடம் வந்த அன்னிக்கே, எழுதின பேருக்கெல்லாம் ஆள் வர ஆரம்பிச்சிருச்சு. குளிச்சு, தலை சீவி, சரியான நேரத்துக்கு. மேடத்துக்கு அவங்களை ரொம்பப் பிடிச்சுப்போச்சு."

"அப்போ நாங்க?"

"மூடின கோப்பை மறுபடி திறக்க விதி இல்லம்மா."

"விதியாம் விதி!"

எழுத்தர் தடுக்கவில்லை. அவள் நடந்தாள். கம்பளத்தில் அவள் காலடிச் சத்தம் எழவில்லை. கதவின் பிடி சில்லிட்டிருந்தது. உள்ளே சிரிப்பு நின்றது.

தள்ளித் திறந்தாள்.

சின்ன அறை. மேசை விளக்கு. கோப்பின் மேல் குனிந்திருந்த ஆலோசகர். எதிரே அவள். அவளுடைய முகம். நன்றாகத் தூங்கி எழுந்த முகம்.

"மேடம், அது நான் இல்ல! நான் இங்க நிக்கறேன்!"

ஆலோசகரின் பேனா நிற்கவில்லை.

கத்தினாள். தொண்டை கிழியக் கத்தினாள். "என்னைத் தனியா விடாதீங்க மேடம்! எனக்கு என்மேலயே பயமா இருக்கு!"

"கடைசியா ஒரே ஒரு கேள்விம்மா," என்றார் ஆலோசகர் அன்பாக, எதிரே இருந்ததைப் பார்த்து. "யாரோ கத்தற மாதிரி இருக்குன்னு சொல்லிட்டிருந்தியே, இப்பவும் கேக்குதா?"

அது மெல்லத் திரும்பியது. அவள் கண்களை நேருக்கு நேர் பார்த்தது.

"இல்ல மேடம். இப்பல்லாம் ஒண்ணுமே கேக்கறதில்ல."

ஆலோசகர் 'நலம்' என்று எழுதிக் கோப்பை மூடினார்.

அது எழுந்து வந்தது. அவள் விரல்கள் கதவு நிலையை இறுகப் பிடித்திருந்தன. அந்த விரல்களைக் குனிந்து பார்த்தது. பிறகு, புன்னகை மாறாமல், கதவை அழுத்திச் சாத்தத் தொடங்கியது.