நாலு கேப்சூல், ஒரு பல்!

டிரீங்... டிரீங்!

சுவக்கீனின் கைபேசி அலறியது.

பீர்மேட்டின் பல் ஆஸ்பத்திரி. எதிரே தேயிலைச் சரிவை மூடுபனி விழுங்கிக்கொண்டிருந்தது. கண்ணாடிக் கதவுக்கு உள்ளே, பல் நாற்காலியில் அவன் மனைவி மதலேனம்மாள்.

அவன் படியிறங்கிக் குரலைத் தாழ்த்தினான்.

"சொல்லு புள்ள."

"முழுங்கிட்டாளா?" மறுமுனையில் ஓர் இளம்பெண்ணின் குரல் கொஞ்சியது.

"லயத்து வீட்டுல வச்சே முழுங்கிட்டா. நாலு கேப்சூலும் நாந்தான் குடுத்தேன். உள்ள இருந்த மருந்தத்தான் கொட்டிட்டேன்லா!"

"மாட்டிக்கிட மாட்டீகளே?"

"எப்படி மாட்டுவேன்? அவ நெஞ்சுல இருக்கது செயற்கை வால்வு. மருந்து இல்லாம பல்லப் பிடுங்குனா கிருமி ரத்தத்துல ஏறி, வால்வுலயே குடியேறிரும்னு டாக்டரம்மாவே போன வாரம் பயங்காட்டுனாக. மெல்ல காய்ச்சல் வரும்... அப்புறம் அந்தோணியார் கோயில்ல துக்கமணிதான்!"

சிரித்தான்.

உள்ளே... டாக்டர் ஜின்சி மரப்பு ஊசியை எடுத்தாள்.

"காலைல என்ன சாப்பிட்டீங்க அக்கா?"

"ஒண்ணுமில்ல டாக்டரம்மா."

"ஒண்ணுமேவா? ஊசி போட்டா மயக்கம் வருமே!"

"தவக்கால வெள்ளில்லா... ஒருசந்தி. மதியம் வரைக்கும் பச்சத்தண்ணி பல்லுல படாது."

ஜின்சியின் கை அந்தரத்தில் நின்றது.

"அப்போ... மாத்திரை?"

மதலேனம்மாள் அசடு வழிந்தாள்.

"அவுக முன்னாடி முழுங்குன மாதிரி நடிச்சேன். கோவிச்சுக்கிடாதீக..."

முந்தானை முடிச்சை அவிழ்த்தாள்.

"விளையாட்டா இது? உயிர் போயிரும்! இப்பவே முழுங்குங்க. ஒரு மணி நேரம் கழிச்சுத்தான் பல்லத் தொடுவேன்!"

முடிச்சுக்குள் ஒரு கேப்சூல் பிளந்து கிடந்தது. வெள்ளைத் தூள்!

ஜின்சி முகர்ந்தாள். அந்த மருந்துக்கே உரிய வாடை... இல்லை!

நாக்கு நுனியில் வைத்தாள்.

"மைதா!"

"என்னது?"

"இதை யார் குடுத்தா?"

"அவுகதான்... தன் கையால..."



ஜின்சி கதவைத் தாழிட்டாள். போலீஸ் எண்ணை அழுத்தினாள். பிறகு அலமாரியிலிருந்து நிஜ மருந்தை எடுத்து நீட்டினாள்.

"கடவுள் மன்னிப்பாரு. என் கண் முன்னாடி முழுங்குங்க!"

நாலும் இறங்கின.

சற்று நேரத்தில்... இரண்டு போலீஸ்காரர்களுக்கு நடுவே வேர்த்து வழிந்தபடி சுவக்கீன்.

"மதலேன்... நான் ஒண்ணும்..."

அவள் அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

"கொல்லப் பாத்ததக்கூட விட்டுருவேன்! ஒருசந்தி அன்னைக்கு, காலங்காத்தால மைதாவத் திங்க வைக்கப் பாத்தியே... பாவி, நீ வெளங்குவியா?"