மண்ணூர்பேட்டையில் ஓர் எலிப்பொறி

“என் எலி எங்கே?”

லேத் பட்டறையே திரும்பிப் பார்த்தது. வாசலில் மழைக்கோட்டோடு ஸ்வீட்லின். கையில் காலிக் கூண்டு. வெப்பமண்டல நோய் ஆராய்ச்சி நிலையத்தில் அவளுக்கு வேலை. நேற்று மாலை இந்தப் பட்டறையில் மசால்வடை வைத்துவிட்டுப் போன பொறி... இப்போது வடையும் இல்லை, எலியும் இல்லை.

“நான்தான் தொறந்து உட்டேன்” என்று எழுந்து வந்தான் பட்டறை முதலாளி டில்லிபாபு. “குட்டி எலிங்க... முழிச்சிகினு இருந்திச்சு. மனசு கேக்கல.”

அந்தக் கண்களில் கேலியே இல்லை. நிஜமான இரக்கம்... அதுதான் அவள் கோபத்தை இன்னும் கிளறியது.

“இந்தத் தெருவுல மூணு பேருக்கு எலிக்காய்ச்சல். எலியைப் பரிசோதிச்சாத்தான் எங்கேருந்து பரவுதுன்னு தெரியும். அந்த மூணு பேர் பாவமில்லையா சார்?”

அவன் முகம் வாடிப்போனது.

“அதுல ஒருத்தர் எங்க பட்டறையில வேலை செய்யிற பால்ராஜ் அண்ணன்... இன்னும் ஆஸ்பத்திரிலதான் கீறாரு. தெருவுக்கு வெக்கிற பொறி எல்லாத்தியும் குடுங்க. இனிமே நானே வெக்கிறேன்.”

சொன்னபடியே செய்தான். தளர்ந்த ஸ்பிரிங்கையெல்லாம் மாற்றினான். தினமும் காலையில் அவள் வரும்போது கூண்டுகள் நிறைந்திருந்தன.

“இன்னிக்கு மூணு பேர் மேடம். ஒண்ணுக்குப் பேர்கூட வெச்சிட்டேன்... கோவக்காரி.”

“யாரைச் சொல்றீங்க?”

“எலியைத்தாங்க!”

சிரிப்பை அடக்க அவள் மழையைப் பார்த்தாள்... மழை அவளுக்கு உதவவில்லை.

மூன்றாம் வாரம் விடை கிடைத்தது. பின்சந்தில் தேங்கிய சாக்கடை நீர்தான் காரணம். மாநகராட்சி அதைச் சுத்தம் செய்தது. பால்ராஜும் குணமாகி வேலைக்குத் திரும்பினார். அதே வாரம், ஸ்வீட்லின் முன்பே சமர்ப்பித்திருந்த ஆய்வேட்டுக்கு முனைவர் பட்டமும் கிடைத்தது. இனிப்போடு ஓடி வந்தாள்.

“டாக்டரா...” டில்லிபாபுவின் குரல் இறங்கியது. “நான் ஐடிஐங்க.”

அதன்பின் அவன் அவள் கண்ணிலேயே படவில்லை. கூண்டுகளைத் திரும்ப எடுக்கப் போன கடைசி நாளிலும் பால்ராஜ்தான் எதிரே வந்தார்.

“தம்பி வெளிய போயிருக்காரும்மா.”

இயந்திரத்துக்குப் பின்னால் தம்பியின் தலை நன்றாகவே தெரிந்தது. ஸ்வீட்லின் நேரே உள்ளே போனாள்.

“ஆராய்ச்சி முடிஞ்சிருச்சு. நாளைக்கு இந்தத் தெருவுக்கு வர எனக்கு வேலை இல்ல. ஆனா வரணும்போல இருக்கு... உங்களுக்காக. படிப்பைச் சொல்லி என்னை அனுப்பாதீங்க. பிடிக்கலன்னா அதைச் சொல்லுங்க.”

அவன் கையிலிருந்த கிரீஸை பழைய வேட்டித் துணியில் துடைத்தான்... துடைத்துக்கொண்டே இருந்தான்.

“பிடிக்கலன்னு எப்டிங்க சொல்றது? எங்கம்மாகிட்ட போன வாரமே சொல்லிட்டேன்.”

“இன்னான்னு?” அவன் பாஷை அவள் நாக்கில் தானாக வந்தது.

“நம்ம ஊட்டு மருமக தெனமும் பட்டறைக்கு வந்துகினு கீறான்னு... உங்ககிட்ட சொல்லத்தான் தைரியம் வரல.”