பினாங்கு வீட்டுக் கிணறு

தஞ்சோங் பூங்காக் கடற்கரையில் பிற்பகல் மூன்று மணிக்கு வண்டி நின்றபோது, பக்கிரிசாமியின் கண்ணில் முதலில் பட்டது வீடு அல்ல, கிணறு. கல் விளிம்பு, கறுத்த கப்பி, புதுக் கயிறு. பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே தொழிலாளர் லயத்துக் குழாயடியில் வரிசை நின்றே பழகியவனுக்கு அது பெருஞ்செல்வமாகத் தெரிந்தது.

“பாத்தியா மாரியாயி? இந்தப் பக்கம் கடல், அந்தப் பக்கம் கிணறு. பத்து நாள்ல இருமல் ஓடிடும்லா!”

“பேச்சக் கொறச்சிட்டு மூட்டையத் தூக்குங்க” என்று சிரித்த மனைவி, சிரிப்பு முடியுமுன்னே இருமினாள்.

கடற்காற்று படாவிட்டால் அவள் மழைக்காலத்தைத் தாண்டமாட்டாள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். பினாங்கில் எங்கே தங்குவது? ஓட்டல்கள் வெள்ளையருக்கு. சத்திரத்துக்கு எழுதினான், ‘என்ன சாதி?’ என்று ஒற்றை வரியில் பதில் வந்தது. தஞ்சோங் பூங்காவை ஒட்டிய கம்பம் எனும் மலாய்க் கிராமத்தில் ஒரு மலாய்க்காரர் அறை தருவதாகச் சேதி வந்தது. அதற்குள் ராதாகிருஷ்ணன் அவன் கையைப் பற்றிக்கொண்டார்.

மேடையேறினால் சாதியைத் தீயிட்டுப் பொசுக்குகிறவர்! சாதி ஒழிப்புச் சங்கத்தின் தலைவர்! இரவுப் பள்ளி நடத்திப் பக்கிரிசாமிக்கு எழுத்தறிவித்தவர்!

“என் வீடு சும்மா கிடக்கு. நீ ஏம்பா அடுத்தவன் வாசல்ல நிக்கிற?” என்று சொல்லிக் காவல்காரனுக்கு ஓர் ஒட்டிய கடிதமும் கொடுத்தார். அதை நெஞ்சோடு அணைத்தபடியே பக்கிரிசாமி ரயிலில் வந்தான்.

காவல்காரன் தம்புசாமி கடிதத்தைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தான். “எனக்குப் படிக்க வராது தம்பி, எப்பவும் தபால்காரர்தான் படிச்சுச் சொல்வாரு. நீயே படிச்சுச் சொல்லு.”

பெருமையோடு பிரித்து, உரக்கவே தொடங்கினான் பக்கிரிசாமி.

‘வருகிறவர்கள் கீழ்ச்சாதி. போன தடவை போலவே பின்கொட்டகையில் விடு. கிணற்றைத் தொட விடாதே. கொட்டாங்கச்சியில் நீயே ஊற்றிக் கொடு.’

எந்தக் கை எழுத்தைக் கற்பித்ததோ, அந்தக் கையே இதையும் எழுதியிருந்தது.

திரும்பிவிடலாம் என்றால் வண்டி போய்விட்டது. மாரியாயியோ காய்ச்சலில் கொட்டகைத் தரையில் சாய்ந்துவிட்டாள். தம்புசாமி ஒரு கொட்டாங்கச்சித் தண்ணீரை ஊற்றிவிட்டு, கிணற்றுக் கயிற்றைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டான்.

“எம்மேல கோவப்படாத தம்பி. உத்தரவு.” அவன் போய்விட்டான்.

அந்திக்குள் தண்ணீர் தீர்ந்தது. அவளுடைய உதடு வெடித்தது. “தண்ணி... தண்ணி...” பக்கிரிசாமி தன் பித்தளைச் செம்பைத் தேடினான், பதற்றத்தில் அது கையில் அகப்படவில்லை. வெறுங்கையோடே கம்பத்தை நோக்கி ஓடினான். காற்று ஓய்ந்திருந்தது. அழுகிய பாசியின் நாற்றம் எங்கிருந்தோ எழுந்தது.

கிரீச்.

அவன் நின்றான்.

கிரீச்... கிரீச்...

கயிறில்லாத கப்பி சுழன்றுகொண்டிருந்தது.

அவன் திரும்பி ஓடினான். கிணற்றடியில் எவருமில்லை. கிணற்றிலிருந்து கொட்டகை வாசல்வரை ஈரக் காலடிகள். சின்னஞ்சிறிய, பெண்ணின் காலடிகள். போன தடம் இருந்தது. திரும்பிய தடம் இல்லை.

உள்ளே மாரியாயியின் மோவாயில் நீர் வழிந்தது. பக்கத்தில் செம்பு நிறையத் தண்ணீர்.

“ஒரு அக்கா குடுத்தாங்க” என்று முனகினாள். “நீங்களும் குடிங்கக்கான்னேன். வாயத் தொறந்து காட்டுனாங்க. நாக்கு... கறுப்பா, காஞ்சு, மேல ஒட்டிக் கிடந்துச்சு.”

காலையில் வந்த தம்புசாமி, இன்னும் உலராத அந்தத் தடங்களைக் கண்டதும் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

“இராஜம்மா. கிள்ளான்காரி. போன வருசம் காய்ச்சலோட ஐயாதான் அனுப்பி வச்சாரு. நான் கயித்தக் கழட்டிட்டுத் திருவிழாவுக்குப் போயிட்டேன். ரெண்டு நாள் கழிச்சு வந்தா... கிணத்துக் கல்லுல கைய வச்சபடி கிடந்தா.”

“அவருகிட்ட சொன்னியா?”

“சொன்னேன். கிணத்தத் தொட்டுட்டாளான்னு கேட்டாரு.”

அன்றே மலாய்க்காரர் வீட்டுக்குப் போனார்கள். மாரியாயி தேறினாள். கடிதம் மட்டும் பக்கிரிசாமியின் சட்டைப்பையில் கனத்துக்கொண்டிருந்தது.

அடுத்த மாதம், கிள்ளானில் சங்கத்தின் மாலைக் கூட்டம். ராதாகிருஷ்ணன் முழங்கினார்: “தண்ணீருக்குச் சாதி உண்டா? தாகத்துக்குச் சாதி உண்டா?” கைத்தட்டலில் கொட்டகை அதிர்ந்தது.

பக்கிரிசாமி எழுந்தான். கடிதத்தைப் பிரித்தான். அவர் கற்றுக்கொடுத்த உச்சரிப்பிலேயே, ஓரெழுத்தும் விடாமல் படித்தான்.

கைத்தட்டல் செத்தது.

மறுத்துப் பேச வாய் திறந்தார் தலைவர். குரல் வரவில்லை. மேசைமேல் இருந்த குவளையை எடுத்தார். காலி. தொண்டர் நிரப்பினார், உதட்டருகே போகுமுன் காலி. மீண்டும் நிரப்பினார். மீண்டும் காலி.

“தண்ணி...” என்றார் ராதாகிருஷ்ணன். “யாராவது... தண்ணி...”

பாசி நாற்றம் கொட்டகையை நிறைத்தது. பக்கிரிசாமி தரையைப் பார்த்தான்.

மேடைப் படிகளில் ஈரக் காலடிகள் ஏறிப்போயிருந்தன.

இறங்கிய தடம் இல்லை.