இடுப்பு உயரத்தில் ஒரு மேஜை

காலை ஏழு மணிக்குள் குழந்தைக்கு மூன்றாவது தடவையாக டயப்பர் மாற்ற வேண்டியிருந்தது. முன்னறைத் தரையில் கெட்டிப் போர்வையை நாலாக மடித்துப் போட்டு, அதன் மேல் ரப்பர் விரிப்பை விரித்து, அண்ணி மண்டியிட்டு உட்கார்ந்தாள். பக்கத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்ற வாலு தானும் குனியப் பார்த்தாள். வயிற்றுத் தையல் சுரீரென்று இழுத்தது. உதட்டைக் கடித்துக்கொண்டு நிமிர்ந்துவிட்டாள்.

"நீ எதுக்குடி குனியறே? நான்தான் இருக்கேன்ல" என்றாள் அண்ணி, தலையைத் தூக்காமலே.

"ஒன்பது மணிக்கு நீங்க வேலைக்குப் போயிடுவீங்க. அப்புறம் நான்தானே குனியணும்?"

அண்ணி பழைய டயப்பரைச் சுருட்டி ஓரமாக வைத்தாள்.

வாலு என்பது வீட்டில் வைத்த செல்லப் பெயர். அண்ணியின் கணவருக்குப் பதினெட்டு வயது இளைய தங்கை. அண்ணி கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்தபோது அவளுக்கு மூன்று வயது. மாமியாருக்கு மூச்சிரைப்பு, நாலடி நடந்தால் உட்கார்ந்துவிடுவார். தலை வாரிவிட்டது, ஊட்டிவிட்டது, பள்ளிக்கூட வாசல்வரை கையைப் பிடித்துக் கூட்டிப்போனது எல்லாம் அண்ணிதான். மாமியார் போய் ஆறு வருஷம் ஆகிறது. வாலுவின் கணவனுக்குச் சரக்குக் கப்பலில் வேலை. பிரசவத்துக்கு வந்து பத்து நாள் இருந்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டான். அதனால் கைக்குழந்தையோடு அவள் அண்ணன் வீட்டில் இருந்தாள். குழந்தை பிறந்து ஐந்து வாரம்.

வாலு கைபேசியை நீட்டினாள். "இதைப் பாருங்க. நேத்தும் காட்டினேன், நீங்க சரியாவே பாக்கலை."

படத்தில் ஒரு மேஜை. மேலே மெத்தை, சுற்றிலும் விளிம்பு, கீழே இரண்டு தட்டு. குழந்தையைப் படுக்க வைத்து நின்றபடியே டயப்பர் மாற்றலாம்.

"பாத்தேன். வேணாம்."

"ஏன் வேணாம்?"

"ஆறு மாசச் சாமான். குழந்தை நல்லாப் புரள ஆரம்பிச்சா அதுல வைக்கவே முடியாது. அப்புறம் துவைச்ச துணியைக் குவிச்சு வைக்கத்தான் ஆகும்."

"அந்த ஆறு மாசமும் என் தையல் தாங்கணுமே அண்ணி."

"கட்டில்ல வெச்சு மாத்து."

"கட்டிலுக்கும் குனியத்தானே வேணும்? மேஜை ரெண்டு அங்குலம் தாழ்ந்தாலே முதுகு போச்சுன்னு நீங்கதான் சொல்வீங்க. துணி வெட்ட உங்களுக்கு இடுப்பு உயரத்துல மேஜை வேணும். எனக்கு மட்டும் தரையா?"

அது நியாயமான பேச்சு. அண்ணிக்கும் தெரிந்தது. ஆயத்த ஆடைத் தொழிற்கூடத்தில் அவள் கட்டிங் மாஸ்டர். நாள் முழுக்க மேஜை முன்னால் நின்று முப்பது அடுக்குத் துணியை ஒரே வீச்சில் வெட்டுகிறவள். மேஜையின் அருமையை அவளுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனாலும் "இந்த வீட்டுக்கு அது வேணாம்" என்றுதான் வாயில் வந்தது. "வேணும்னா நான் ரெண்டு மாசம் லீவு போடறேன். நானே எல்லாத்தையும் பாத்துக்கறேன்."

வாலுவின் முகம் மாறியது.

"அதானே... எல்லாத்தையும் நீங்களே பாத்துக்குவீங்க. குளிப்பாட்டறது நீங்க, தூங்க வைக்கறது நீங்க. பால் குடுக்க மட்டும் நான். பெத்தவளுக்கு இந்த வீட்ல வேற என்ன இருக்கு?"

"அப்படி நெனைச்சு சொல்லலைடி..."

"வேற எப்படி? எனக்கும் தெரியும் அண்ணி. அம்மா சொல்லியிருக்காங்க. தன் குழந்தையையே கவனிக்காம கீழ விட்டவங்க நீங்க. என் குழந்தைக்கு எது வேணும், எது வேணாம்னு நீங்க சொல்லாதீங்க."

இருபத்தொன்பது வயதுவரை அந்தப் பேச்சை அவள் அண்ணியின் முகத்துக்கு நேரே எடுத்ததில்லை.

அண்ணியின் கை டயப்பரின் ஒட்டுப் பட்டையில் அப்படியே நின்றது. பிறகு வலப்பக்கப் பட்டையை இழுத்து ஒட்டினாள்.

லிஃப்ட் மெக்கானிக்கான அவள் கணவர் வேலைக்குக் கிளம்பி, வாசலில் ஒரு காலில் செருப்போடு நின்றிருந்தார். அந்தச் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்.

"வேணாங்க" என்றாள் அண்ணி.

"போதும். அம்மா இருந்த வரைக்கும் நீ கேட்டே. நானும் பக்கத்துல நின்னு வாயை மூடிக்கிட்டிருந்தேன். இப்ப இவகிட்டயும் கேக்கணுமா?"

"என்னங்க, சொல்லாதீங்க."

அவர் தங்கையைப் பார்த்தார். குரலை உயர்த்தவில்லை. பழுது பார்த்த இடத்தில் நடந்ததை மேலதிகாரியிடம் சொல்வதுபோல வரிசையாகச் சொன்னார். அப்போது அண்ணி வீட்டிலேயே துணி வெட்டிக்கொண்டிருந்தாள். அவர்கள் குழந்தைக்கு நாலு மாதம். வெட்டும் மேஜையில் துணியை மடித்துப் போட்டுப் படுக்க வைத்திருந்தாள். அடுப்பில் பால் பொங்கும் சத்தம் கேட்டு உள்ளே போனாள். வாலுவுக்கு அப்போது ஐந்து வயது. பாப்பாவோடு விளையாட வேண்டும். எட்டவில்லை. கீழே தொங்கிய துணியின் முனையைப் பிடித்து இழுத்தாள்.

"நான் இதோ இந்த வாசல்ல நிக்கறேன். பாக்கறேன். ஓடி வர்றதுக்குள்ள... மூணாம் நாள் ஆஸ்பத்திரில போயிடுச்சு. எப்படி ஆச்சுன்னு அம்மா கேட்டப்போ, நான்தான் கவனிக்கலைன்னு இவ சொல்லிட்டா. அவ அஞ்சு வயசுக் குழந்தை, இது தெரிஞ்சா ஆயுசுக்கும் சுமப்பா, எங்கிட்டயே இருந்துட்டுப் போகட்டும்னு என்கிட்ட சத்தியம் வாங்கிக்கிட்டா. அதுக்கப்புறம் எங்களுக்குக் குழந்தையே தங்கலை. அதையும் அம்மா இவ தலையிலதான் போட்டாங்க."

வாலு சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள். தையல் வலித்ததா என்று அவளுக்கே தெரியவில்லை.

அண்ணி இடப்பக்கப் பட்டையையும் ஒட்டினாள். குழந்தையைத் தூக்கிக் கணவர் கையில் கொடுத்தாள். "இருபத்தி நாலு வருஷம் காப்பாத்தினதை ஒரு நிமிஷத்துல உடைச்சிட்டீங்க" என்று மட்டும் அவரிடம் சொன்னாள். அந்த வீட்டில் அவள் அவரைக் கோபமாகப் பார்த்தது அன்றுதான். பிறகு வாலுவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"நானா அண்ணி... நானா..."

"நீ இல்லை. மேஜையில வெச்சது நான். அடுப்படிக்குப் போனது நான். உனக்கு அதோட விளையாடணும்னு ஆசை, அவ்வளவுதான். அஞ்சு வயசுல ஆசைப்படறது தப்பில்லைடி."

"நான் சொன்ன வார்த்தை... எந்த வாயால உங்ககிட்ட மன்னிப்பு கேப்பேன்?"

"கேக்காதே. தெரியாம சொன்னே."

வாலு அவள் மடியில் விழுந்து அழுதாள். சின்ன வயதில் காய்ச்சல் வந்தால் எப்படிப் பிடித்துக்கொள்வாளோ அப்படியே இடுப்பைக் கட்டிக்கொண்டாள். அண்ணி அவள் தலையைத் தடவிக்கொடுத்தாள். அவள் கண்ணிலும் தண்ணீர் வந்தது. அதை அவள் துடைத்துக்கொள்ளவில்லை. அன்று தொழிற்கூடத்துக்கு ஒன்றரை மணி நேரம் தாமதமாகப் போனாள்.

கதை அத்தோடு முடிந்திருந்தால் நன்றாயிருக்கும். முடியவில்லை. மறுநாளிலிருந்து வாலு குழந்தையைத் தூக்கவில்லை. பால் கொடுக்கும்போதுகூட, பக்கத்தில் யாராவது பிடித்துக்கொண்டால்தான் ஆயிற்று. மற்ற நேரமெல்லாம் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"மேஜையெல்லாம் வேணாம் அண்ணி" என்றாள் மூன்றாம் நாள். "என் கையில எதுவும் வேணாம். நீங்க லீவு போடறேன்னீங்களே, போடுங்க. நீங்களே பாத்துக்கோங்க."

மூன்று நாளைக்கு முன்பு அண்ணி கேட்க நினைத்த பேச்சுதான் அது. இப்போது காதில் விழுந்தபோது அது அவளுக்கு வேண்டியிருக்கவில்லை. தன்னிடமே இருந்துவிடட்டும் என்று நினைத்த பயம் இடம் மாறி வாலுவிடம் உட்கார்ந்திருப்பதை அவள் கண்ணால் பார்த்தாள்.

அன்று வேலை முடிந்ததும் நேராகக் கடைக்குப் போனாள். நாலு மேஜைகள் இருந்தன. ஒவ்வொன்றையும் இரண்டு கையால் பிடித்து ஆட்டினாள். ஒன்று கிரீச்சிட்டது. ஒன்றில் விளிம்பு இரண்டு விரல் உயரம்கூட இல்லை. மூன்றாவது அசையவில்லை. விளிம்பு அவள் உள்ளங்கை உயரத்துக்கு இருந்தது. வாலு தன்னைவிட ஒரு சாண் உயரம் என்பதை மனதில் வைத்து, நுனிக்காலில் நின்று கையை வைத்துப் பார்த்தாள்.

"வார் இருக்கும்மா, கட்டிட்டா குழந்தை அசையாது" என்றாள் விற்பனைப் பெண்.

"கட்டினாலும் கையை எடுக்கக் கூடாதுல்ல?"

"கூடாது. எல்லாரும் சொல்றதுதான்."

"இதையே குடுங்க."

சனிக்கிழமை காலையில் கணவர் அதைப் பூட்டி முடித்து, சுவரோடு சேர்த்துத் திருகாணி போட்டு இறுக்கினார். வாலு அறை வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"எதுக்கு அண்ணி வாங்கினீங்க? நீங்கதானே வேணாம்னீங்க?"

"பயத்துல சொன்னேன். நீ கேட்டதுதான் சரி. தையல் போட்ட உடம்பு குனியக் கூடாது. வா."

"என்னால முடியாது."

அண்ணி குழந்தையை மெத்தையில் படுக்க வைத்தாள். அவள் கை லேசாக நடுங்கியது. அதை வாலு பார்த்தாள். அண்ணி மறைக்கவில்லை.

"எனக்கும்தான் நடுங்குது. டயப்பர், துணி, கிரீம் எல்லாத்தையும் முதல்லயே பக்கத்துல எடுத்து வெச்சுக்கோ. ஒரு கை எப்பவும் இவ நெஞ்சு மேல. அடுப்புல என்ன பொங்கினாலும் பொங்கட்டும், வாசல்ல யார் கூப்பிட்டாலும் கூப்பிடட்டும். போகணும்னா இவளையும் தூக்கிட்டுப் போ. அவ்வளவுதான் வித்தை."

வாலு மெல்ல வந்து நின்றாள். இடது கையை நீட்டிக் குழந்தையின் நெஞ்சில் வைத்தாள். வைத்த கை அழுந்திவிடுமோ என்று பாதி தூக்கினாள். பிறகு சரியாக வைத்தாள்.

அண்ணி தன் கையை எடுத்துக்கொண்டாள். பிறகு அறையை விட்டு வெளியே வந்து, முன்னறை நாற்காலியில் உட்கார்ந்தாள். உள்ளே போகத் துடித்த காலை அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

உள்ளே பட்டை கிழிகிற சத்தம் கேட்டது. குழந்தை சிணுங்கியது. "அட, காலை ஆட்டாதேடி... என் தங்கம்ல" என்று வாலு யாரிடமோ கெஞ்சுவதுபோலக் கெஞ்சினாள். கணவர் அண்ணியைப் பார்த்தார். அவள் எழுந்திருக்கவில்லை.

"அண்ணி... போட்டுட்டேன்" என்று குரல் வந்தது.

"தூக்கிட்டியா?"

"தூக்கிட்டேன். தோள்ல இருக்கா."

"சரி. அப்ப நான் வேலைக்குக் கிளம்பறேன்" என்றாள் அண்ணி.